டர்போ காரின் ஹோஸ்கள்: மாற்றுவதும் குறைப்பதும்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில் எஞ்சினுக்கு முன்பே மூப்படைபவை அதைச் சுற்றி ஓடும் ரப்பர் ஹோஸ்கள். 20 ஆண்டு ஓடிய பிறகும் சிலிண்டரும் பிஸ்டனும் நல்ல நிலையில் இருக்க, அவற்றுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ் விரலால் மடக்கியதுமே வெடிப்பு காட்டும். அதன் பிறகு வண்டி மேட்டில் இழுக்காது, ஐடிலில் நடுங்கும், சில நேரம் கரும்புகை தள்ளும். இந்தக் குறைகளைக் கண்டு டர்போவையே கழற்றி மாற்றுவதும் நடக்கிறது. ஆனால் பல வண்டிகளில் கெட்டுப்போயிருப்பது ஒரு சாண் ஹோஸ் மட்டுமே.

பழைய டர்போ காரை வைத்திருப்பவர்கள் இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறார்கள். ஒன்று, பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு அதைவிடத் தாங்கும் பொருளில் ஹோஸ் போடுவது. மற்றொன்று, தேவையில்லாதவை என்று தோன்றும் ஹோஸ்களையும் வால்வுகளையும் நீக்கி எஞ்சின் அறையை எளிமையாக்குவது. இரண்டும் ஒரே நாளில், ஒரே பட்டறையில் நடப்பதால் ஒரே வேலைபோலத் தெரியும். பொருளை மேம்படுத்துவது ஏறக்குறைய எப்போதும் நன்மை தரும். எண்ணிக்கையைக் குறைப்பது அப்படியில்லை. ஒவ்வொரு ஹோஸும் எங்கிருந்து எதை எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்த பிறகே அதில் கைவைக்க வேண்டும்.

இதற்கு இந்தியாவில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு 2004-இல் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். தொழிற்சாலையிலேயே டர்போ பெட்ரோல் எஞ்சினுடன் இந்தியச் சாலைக்கு வந்த தொடக்ககாலக் கார்களில் அது ஒன்று. 1,781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். இந்த 1.8 டர்போ எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் 1990களின் நடுவில் வந்து, ஆடி ஏ4, ஆடி டிடி, கோல்ஃப் ஜிடிஐ எனப் பல வண்டிகளில் உலகெங்கும் ஓடியது. அதனால் அதன் நோய்களும் மருந்துகளும் நன்றாக அறியப்பட்டவை.

காற்று போகும் வழி

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு டர்பைனைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற எண்ணத்தின் சாரம் இதுதான். கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் சுழலும்.

ஆர்எஸ் வண்டியில் காற்று முதலில் ஏர் ஃபில்டரைக் கடக்கிறது. அடுத்து, உள்ளே வரும் காற்றின் எடையை அளந்து கணினிக்குச் சொல்லும் காற்றளவி. அங்கிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் வழியாக டர்போ; டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்; இன்டர்கூலரிலிருந்து த்ராட்டில்; த்ராட்டிலைத் தாண்டினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிபோல்டு. இந்தப் பெரிய ஹோஸ்கள் காற்றைச் சுமப்பவை. இவற்றோடு பென்சில் அளவும் அதற்குக் குறைவாகவும் பல ஹோஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓரிடத்தின் அழுத்தத்தை இன்னோரிடத்துக்குத் தெரிவிப்பவை. காற்றைச் சுமக்கும் ஹோஸ் கிழிந்தால் சக்தி குறையும். செய்தி சொல்லும் ஹோஸ் கிழிந்தால் எஞ்சின் தவறான முடிவை எடுக்கும். இரண்டாவதே ஆபத்து மிகுந்தது.

வெயிலின் கணக்கு

ஹோஸின் ஆயுளில் ஊரின் வெயிலுக்கும் பங்குண்டு. புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏப்ரல், மே மாதப் பிற்பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. கீரனூரிலிருந்து திருமயம்வரை சாலையோரம் முழுக்கப் பாறையும் செம்மண்ணும். தார்ச் சாலைக்கு மேலே நிற்கும் காற்று இன்னும் சூடு. ஐரோப்பாவில் வடிவமைத்த ஒரு டர்போ காருக்கு இது எவ்வளவு கூடுதல் சுமை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

காற்றை நெருக்கினால் சூடாகும். வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 1.7 மடங்குக்கு நெருக்கும் டர்போவை எடுத்துக்கொள்வோம், அதாவது 0.7 பார் பூஸ்ட். கம்ப்ரஸரின் செயல்திறன் 70 விழுக்காடு என்று வைத்தால், 20 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறத்தாழ 89 டிகிரியில் வெளியே வரும். 40 டிகிரியில் உள்ளே போன காற்றோ ஏறத்தாழ 113 டிகிரியில் வரும். வெளியில் 20 டிகிரி வேறுபாடு. டர்போவின் வாயிலில் அது 24 டிகிரியாகிவிடுகிறது. இன்டர்கூலருக்கு முந்திய ஹோஸ் தாங்க வேண்டியது இந்தக் காற்றை.

ரப்பர் கெடுவது ஒரு வேதிவினை. வெப்பம் 10 டிகிரி கூடும்போது அதன் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது ரப்பர் துறையினர் தோராயமாகக் கையாளும் கணக்கு. அதன்படி 24 டிகிரி கூடினால் மூப்பின் வேகம் ஐந்து மடங்கு. பூஸ்ட் எப்போதும் இருப்பதில்லை. அதனால் ஹோஸின் ஆயுள் அப்படியே ஐந்தில் ஒன்றாகிவிடாது. ஆனால் வண்டியை நிறுத்திய பிறகும் வெப்பம் விடுவதில்லை. காற்றோட்டம் நின்றதும் டர்போவின் இரும்புக் கூட்டில் தேங்கிய சூடு பானெட்டுக்குள் பரவி, எதிரே இருக்கும் ரப்பரை வேகவைக்கும். ஜெர்மனியில் 15 ஆண்டு தாங்கிய ஹோஸ் இங்கே அதற்கு முன்பே உடைவதில் வியப்பில்லை. பழைய டர்போ கார் வாங்கும்போது கிலோமீட்டர் எண்ணைவிட அந்த வண்டி எந்த ஊரில் வெயில் காய்ந்தது என்பதை முதலில் விசாரிக்கலாம்.

வெப்பம் ரப்பரை ஒரே விதமாகக் கெடுப்பதும் இல்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி, கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து அதற்கு மீள்தன்மை தருகிறது. வெப்பமும் ஆக்சிஜனும் சேரும்போது சில ரப்பர்களில் புதிய பிணைப்புகள் உண்டாகும். ஹோஸ் கட்டையாகி வெடிக்கும். வேறு சிலவற்றில் இருக்கும் பிணைப்பு அறுந்து பிசுபிசுப்பாகும். எண்ணெய் பட்டால் மூன்றாவது விதம்: ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, மெத்தென்று ஆகிக் கிளிப்பிலிருந்து நழுவும். கழற்றிய பழைய ஹோஸைக் கையில் வாங்கிப் பார்த்தால் அது எதனால் செத்தது என்று தெரிந்துவிடும். புதிதாக எந்தப் பொருளைப் போட வேண்டும் என்பதற்கும் அதுவே விடை.

எந்த ரப்பர் எந்த இடத்துக்கு

இயற்கை ரப்பர் எஞ்சின் அறைக்கு ஏற்றதல்ல. வெப்பம், ஓசோன், எண்ணெய் மூன்றுக்கும் அது தோற்றுவிடும். ரேடியேட்டர் ஹோஸ்களில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பயன்படுகிறது. கூலன்ட், நீராவி, ஓசோன் ஆகியவற்றை நன்றாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் கெடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆனால் 100 டிகிரிக்கு மேல் நீண்டநாள் வைத்தால் கட்டையாகும். ஃபுளோரோ ரப்பர் எண்ணெய், பெட்ரோல், 200 டிகிரி வெப்பம் மூன்றையும் தாங்கும், விலைதான் அதிகம்.

பழைய காரை மேம்படுத்துபவர்கள் பெரும்பாலும் வாங்குவது சிலிகோன் ஹோஸ். நீலத்திலும் சிவப்பிலும் பளபளப்பாகக் கடையில் தொங்குவது அதுதான். 180 முதல் 200 டிகிரிவரை அது அசராது, ஓசோனால் வெடிக்காது, துணியடுக்கு வைத்துச் செய்தால் பூஸ்டில் உப்பாது. குறைகளும் உண்டு. எண்ணெயும் பெட்ரோலும் அதற்குள் ஊறிக் கசியும். கூரான விளிம்பு பட்டால் எளிதில் கிழியும். டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் சிறிது எண்ணெய்ப் படலம் இருப்பதால், அந்த இடத்துக்கு உட்புறம் ஃபுளோரோசிலிகோன் பூச்சுள்ள ஹோஸே சரி. வெறும் சிலிகோன் போட்டால் சில மாதங்களில் வெளிப்புறம் வியர்த்ததுபோல் எண்ணெய் படியும். பெட்ரோல் லைனில் சிலிகோன் ஹோஸ் போடவே கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் தீ விபத்தில் கொண்டுபோய் விடக்கூடியது.

பெரிய ஹோஸும் கிளிப்பும்

50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸில் 0.7 பார் பூஸ்ட் ஏறினால், அதன் வளைவில் ஹோஸை முனையிலிருந்து பிடுங்கித் தள்ளும் விசை சுமார் 14 கிலோ. ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடும் ஒவ்வொரு முறையும் அந்த விசை வந்து போகும். கூடவே எஞ்சின் தன் தாங்கிகளின் மேல் அசையும். இன்டர்கூலர் பாடியோடு நிற்கும். அசைவதற்கும் அசையாததற்கும் இடையே இருக்கும் ஹோஸ் இரண்டின் வேறுபாட்டையும் தானே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் முழு வழியையும் அலுமினியக் குழாயாக மாற்றினாலும் இடையில் ஓர் இடத்திலாவது நெகிழும் இணைப்பு வேண்டும்.

கிளிப்பைக் கவனிக்காமல் ஹோஸை மட்டும் மாற்றுவது பாதி வேலை. துளை வெட்டிய சாதாரணத் திருகு கிளிப், மென்மையான சிலிகோனைத் தன் துளைகள் வழியே பிதுக்கி வெட்டும். உட்பட்டை வழுவழுப்பாக உள்ள கிளிப்போ டி-போல்ட் கிளாம்போ வேண்டும். தொழிற்சாலை போட்ட ஸ்பிரிங் கிளிப்பைப் பழசு என்று தூக்கிப்போட வேண்டியதில்லை; ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது இறுக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை அது. குழாய் முனையில் மேடான வளையம் இல்லையென்றால் எந்தக் கிளிப்பும் நீண்டநாள் நிற்காது. முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே கதி.

டர்போவுக்கு முன்பு இருக்கும் குழாய்க்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே பூஸ்ட் கிடையாது, உறிஞ்சல் மட்டுமே. அதில் வெடிப்பு விழுந்தால் சக்தி பெரிதாகக் குறையாததால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஃபில்டரைத் தவிர்த்து உள்ளே போகும் காற்றோடு தூசியும் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கும் சாலைகளில் மிதக்கும் பாறைத்தூள் குவார்ட்ஸ் கலந்தது. அலுமினியத்தைவிடப் பலமடங்கு கடினம். அதிவேகத்தில் சுழலும் கம்ப்ரஸர் இறக்கையின் விளிம்பை அது அரித்துவிடும். உறிஞ்சும் பக்கம் வெடித்த ஹோஸை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது மிக விலையுயர்ந்த சிக்கனம்.

டீசலுக்குத் தெரியாத சிக்கல்

டர்போ என்பது புதுக்கோட்டைப் பகுதிக்கு அந்நியமானதல்ல. டிவிஎஸ் குடும்பத்தார் 1910களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார்கள். தென்னிந்திய மோட்டார் போக்குவரத்தின் முதல் தடங்களில் அது ஒன்று. அந்தக் குழுமத்திலிருந்தே 1980களில் டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் தமிழ்நாட்டில் உருவாகி, ஜெர்மனியின் கேகேகே நிறுவனத்தின் நுட்பத்தோடு டர்போ செய்யத் தொடங்கியது. ஆக்டேவியா ஆர்எஸ் எஞ்சினில் இருக்கும் கே03 டர்போவும் கேகேகே வடிவமைப்புதான். அந்த நிறுவனம் பிறகு போர்க்வார்னரின் பகுதியாயிற்று. இன்று திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடிச் சாலைகளில் ஓடும் பஸ், லாரி, போர்வெல் ரிக் வண்டி பெரும்பாலானவற்றில் டர்போ டீசல் எஞ்சின். இன்டர்கூலர் ஹோஸ் வெடித்த லாரியைக் கரும்புகையை வைத்தே கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் மாவட்டமெங்கும் இருக்கிறார்கள்.

அந்த அனுபவம் பெரிய ஹோஸ்களுக்கு அப்படியே பொருந்தும். சிறிய ஹோஸ்களுக்குப் பொருந்தாது. வழக்கமான டீசல் எஞ்சினின் சக்தியை ஊற்றும் டீசலின் அளவே கட்டுப்படுத்துகிறது. காற்றை அடைத்து நிறுத்த வேண்டியதில்லை. அதனால் அதன் மேனிபோல்டில் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தமோ அதற்கு மேலோதான் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் காற்றை அடைக்கிறது. ஐடிலில் மேனிபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். முழு மிதிப்பில் 1.7 மடங்குக்கு ஏறும். ஒரே ஹோஸ் சில நொடிகளுக்குள் உள்நோக்கி நசுங்கவும் வெளிநோக்கி உப்பவும் நேர்கிறது. பெட்ரோல் டர்போவில் இத்தனை ஒருவழி வால்வுகளும் சிறு ஹோஸ்களும் ஏன் என்பதற்கு விடை இந்த ஏற்ற இறக்கம்தான்.

த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு சிறு ஹோஸில் 3 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்ததாகக் கொள்வோம். முழு மிதிப்பில் அதன் வழியே நொடிக்கு சுமார் 2 கிராம் காற்று வெளியேறும். 150 குதிரைத்திறனில் எஞ்சின் உறிஞ்சுவது நொடிக்கு சுமார் 120 கிராம்; இழப்பு 2 விழுக்காடு கூட இல்லை. ஐடிலிலோ அதே ஓட்டை வழியே நொடிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் காற்று உள்ளே வரும். அப்போது எஞ்சினின் மொத்தத் தேவையே 3 கிராம் அளவுதான். ஆக மூன்றில் ஒரு பங்குக் காற்று காற்றளவிக்குத் தெரியாமல் நுழைகிறது. கணினி அதற்கான பெட்ரோலை ஊற்றாது, எஞ்சின் நடுங்கும். நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் தள்ளாடுவது இதனால்தான்.

எதைக் குறைக்கலாம், எதைக் கூடாது

ஹோஸ் குறைப்பில் உலகப் புகழ் பெற்ற வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் கடைசித் தலைமுறை. 1991 முதல் 2002 வரை வந்த அந்த வண்டியில் இரண்டு டர்போக்கள். குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் வேலைசெய்யும், வேகம் ஏறியதும் இரண்டாவது சேரும். இந்தக் கைமாற்றத்தை நடத்த, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளும் சிறு ஹோஸ்களும் எஞ்சினுக்கு மேல் ஒரு காடாக அடைந்து கிடந்தன. வெப்பத்தில் அவற்றுள் ஒன்று இறுகிப்போனாலும் இரண்டாவது டர்போ சேராது. சலித்துப்போன உரிமையாளர்கள் பலர் அந்த அமைப்பையே நீக்கி, இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்து ஓடும்படி மாற்றினார்கள். நம்பகத்தன்மை கூடியது. குறைந்த வேகத்தில் கிடைத்த உடனடி இழுப்பு போயிற்று. அது தெரிந்து செய்த பேரம், அதனால் தவறில்லை.

ஃபோக்ஸ்வாகனின் 1.8 டர்போவில் இதற்குச் சமமானது என்-249 என்ற சோலனாய்டு. ஓட்டுபவர் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். ஆனால் டர்போ தொடர்ந்து காற்றைத் தள்ளும். போக இடமில்லாத காற்று கம்ப்ரஸரை நோக்கித் திரும்பி அடிக்காமல் இருக்க, டைவர்ட்டர் வால்வு திறந்து அதை டர்போவின் முன்பக்கத்துக்கே அனுப்புகிறது. இந்த வால்வைத் திறப்பது மேனிபோல்டின் வெற்றிடம். என்-249 இடையில் நின்று, தேவைப்படும்போது ஒரு பிளாஸ்டிக் கலனில் சேமித்த வெற்றிடத்தைக் கொண்டும் வால்வைத் திறக்கும். அதற்கெனக் கலன், ஒருவழி வால்வு, பல ஹோஸ் துண்டுகள். மேனிபோல்டிலிருந்து டைவர்ட்டர் வால்வுக்கு நேராக ஒரே ஹோஸ் போட்டுவிட்டால் வால்வின் அடிப்படை வேலை நடக்கும். கசியக்கூடிய இணைப்புகள் பாதிக்கும் மேல் குறையும். சோலனாய்டின் மின் இணைப்பை அப்படியே விட்டுவைத்தால் கணினியும் குறை சொல்லாது. இழப்பது கணினியின் நுண்கட்டுப்பாட்டை மட்டும். இது நியாயமான எளிமையாக்கம்.

சிலர் அந்த டைவர்ட்டர் வால்வையே எடுத்துவிட்டு, காற்றை வெளியே ஊதித்தள்ளும் வால்வைப் போடுவார்கள். காலை எடுக்கும்போது வரும் அந்தச் சத்தத்துக்காக. வெளியே போன காற்று ஏற்கெனவே காற்றளவியில் எண்ணப்பட்டுவிட்டது. கணினி அதற்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை தடித்து, நாளடைவில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கேடு வரும். காற்றளவி உள்ள வண்டிக்கு இது பொருந்தாத மாற்றம்.

வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் வேறு கணக்கு. பூஸ்ட் அளவு மீறும்போது புகையின் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றி வெளியேற்றும் கதவு வேஸ்ட்கேட். அதைத் திறப்பதும் பூஸ்ட் அழுத்தமே. என்-75 என்ற சோலனாய்டு அந்த அழுத்தத்தில் எவ்வளவு போய்ச்சேர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இங்கே ஹோஸ் கழன்றால் கதவு திறக்காது. பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். கணினி கண்டுபிடித்து சக்தியைக் குறைத்தால் வண்டி பிழைத்தது. ட்யூன் செய்த காரில் கணினியின் அந்தப் பாதுகாப்பையே மாற்றியமைத்திருந்தால் நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும். இந்த வழியில் இருக்கும் மூன்று ஹோஸ்களையும் குறைக்கக் கூடாது. துணியடுக்கு உள்ளவையாக, கிளிப்போடு, எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து தள்ளிப் போட வேண்டும்.

பெட்ரோல் அழுத்தச் சீராக்கிக்கு மேனிபோல்டிலிருந்து போகும் மெல்லிய ஹோஸும் இதே தரத்தில் முக்கியமானது. இன்ஜெக்டரின் இரு பக்கங்களுக்கும் இடையே எப்போதும் சுமார் 3 பார் வேறுபாடு இருக்க வேண்டும். மேனிபோல்டில் 0.7 பார் பூஸ்ட் ஏறினால் சீராக்கி பெட்ரோல் அழுத்தத்தையும் 0.7 பார் ஏற்றும். ஹோஸ் கழன்றால் அந்தச் செய்தி போகாது, வேறுபாடு 2.3 பாருக்கு இறங்கும். இன்ஜெக்டர் தரும் பெட்ரோல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். எஞ்சின் மிகச் சூடாக உழைக்கும் நேரத்தில் கலவை மெலிவது பிஸ்டனுக்கு ஆகாதது. ஓட்டுபவருக்கோ எதுவும் தெரியாது.

கிராங்க் கேஸ் காற்றோட்ட ஹோஸ்கள் இந்த எஞ்சினின் தீராத நோய். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு எண்ணெய் ஆவியோடு திரும்ப உள்ளிழுக்கப்படுகிறது: ஐடிலில் ஒருவழி வால்வு மூலம் மேனிபோல்டுக்கு, பூஸ்டில் டர்போவின் முன்பக்கத்துக்கு. மேனிபோல்டுக்கு அடியில், கைக்கு எட்டாத சூட்டில், உள்ளே எண்ணெய் நனைந்தபடி இருக்கும் இந்த ஹோஸ்கள் களியாகக் குழைந்துவிடும். ஒருவழி வால்வு கெட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் புகுந்து எண்ணெய் சீல்களைப் பிதுக்கும். இந்த வலைப்பின்னலை எண்ணெய் தாங்கும் ரப்பரில், குறைவான மூட்டுகளோடு திரும்ப அமைக்கலாம். இரண்டு வழிகளும் ஒருவழி வால்வும் மட்டும் இருந்தாக வேண்டும். ஹோஸை வெறுமனே தரையை நோக்கித் தொங்கவிடுவது எளிமையாக்கம் ஆகாது. எஞ்சின் அறை முழுக்க எண்ணெய்ப் புகையும் சாலையில் துளியுமே மிஞ்சும்.

பிரேக்கை எளிதாக்கும் சர்வோவுக்குப் போகும் வெற்றிடக் குழாயைத் தொடவே வேண்டாம். அது வெற்றிடத்தில் நசுங்காத தடித்த சுவர் கொண்டது. அதில் ஒருவழி வால்வு உண்டு. பூஸ்ட் ஏறும்போது சர்வோவின் வெற்றிடத்தைக் காப்பது அதுதான். ஒரே தடிப்புள்ள சிலிகோன் ஹோஸ் சுருள் வாங்கி எல்லாவற்றுக்கும் வெட்டிப் போடும்போது இந்தக் குழாயும் அதில் அகப்பட்டுக்கொள்வதுண்டு. மெல்லிய சுவர் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

சட்டத்தின் எல்லையும் இங்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. அதே அளவில், அதே வேலைக்கு, வேறு பொருளில் ஹோஸ் போடுவது பராமரிப்பு. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலனையோ, சில நாடுகளுக்கான வண்டிகளில் குளிர் எஞ்சினின் எக்ஸாஸ்டுக்குள் புதுக்காற்றை ஊதும் அமைப்பையோ நீக்குவது மாசுக் கட்டுப்பாட்டையே நீக்குவது. அவற்றை எடுத்தால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. எடுப்பதில் நன்மையும் இல்லை, நியாயமும் இல்லை.

எண்ணெய், கூலன்ட், பெட்ரோல்

டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. அந்த எண்ணெயைக் கொண்டுவரும் மெல்லிய குழாய் எக்ஸாஸ்டை ஒட்டி ஓடுவதால், சூடான எஞ்சினைச் சட்டென நிறுத்தினால் உள்ளே தேங்கிய எண்ணெய் கரியாகிப் படியும். வழி குறுகக் குறுக அச்சுக்கு எண்ணெய் பட்டினி. பழைய வண்டியில் இதைச் சுத்தம்செய்வதைவிட மாற்றுவதே நல்லது. உள்ளே பிடிஎஃப்இ, வெளியே எஃகு வலை கொண்ட குழாய் இதற்கு ஏற்றது, வெப்ப உறையும் சேர்த்துப் போட வேண்டும். திரும்பும் எண்ணெய் புவியீர்ப்பால் மட்டுமே வடிகிறது. அந்தக் குழாயில் மேடுபள்ளமோ கூர்வளைவோ இருக்கக் கூடாது. கூலன்ட் ஹோஸ்களுக்கு ஈபிடிஎம்மே போதும்.

பெட்ரோல் ஹோஸுக்கு இப்போது புதிய காரணம் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. 2004-இல் செய்த வண்டி அந்த அளவை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் சில பழைய ரப்பர்களை உப்பவைத்து மென்மையாக்கும். ஃபுளோரோ ரப்பர் உட்பூச்சுள்ள, இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஹோஸை, அதற்கான கிளிப்போடு போடுவதே முறை. கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் ஹோஸ் 3 பார் அழுத்தத்துக்கு உரியதல்ல.

சோதனை

வேலை முடிந்ததும் காற்றடித்துப் பார்க்க வேண்டும். டர்போவின் முன்வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு பொருத்திக் காற்று ஏற்றுவது வழக்கம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் தொட்டியில் எட்டு, பத்து பார் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேரே இணைத்தால் சீல்கள் போய்விடும், மூடி தெறித்து ஆளைக் காயப்படுத்தும். 0.5 பாரில் தொடங்கி வண்டியின் இயல்பான பூஸ்ட் வரை ஏற்றினால் போதும். கிராங்க் கேஸுக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிட வேண்டும். சோப்பு நீரை மூட்டுகளில் தடவினால் கசியும் இடத்தில் நுரை எழும். திறந்திருக்கும் வால்வு வழியாக எக்ஸாஸ்டில் மெல்லிய இரைச்சல் கேட்பது இயல்பு.

புதிய ஹோஸ் சில முறை சூடாகி ஆறும்போது கிளிப்பின் கீழ் அமுங்கும். ஓரிரு நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திருகு கிளிப்புகளை மறுபடி இறுக்க வேண்டும். கடைசியாக ஸ்கேனரை மாட்டிக் கணினியின் நீண்டகாலப் பெட்ரோல் திருத்தத்தைப் பார்க்கலாம். ஐடிலில் அது பல விழுக்காடு கூட்டிக் காட்டினால் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. ஓட்டத்தில் குறைத்துக் காட்டினால் அளந்த காற்று எஞ்சினை அடையும் முன் எங்கோ வெளியேறுகிறது. இரண்டும் சுழியை ஒட்டி நின்றால் ஹோஸ் வேலை முடிந்தது.